தைராய்டுக்குள் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டியதால் ஸ்கேன் எடுத்தோம். நெறி சாதாரணமானதுதானாம். ஆனால் தைராய்டின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில் 7 மி.மீ. அளவில் ஏதோ இருக்கிறது, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசி குத்தி அணுக்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் இருந்தது. மூன்று இரவு தூக்கமே இல்லை. இன்னொரு இடத்தில் மறுபடி பார்த்தபோது, "இது தைமஸ் திசு, ஊசி வேண்டாம்" என்றார்கள். என் மாமியாரோ, "எதுவானாலும் எடுத்துப் போட்டுவிடுங்கள்" என்கிறார். யாரை நம்புவது? இரண்டு ஸ்கேன் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: படங்களைப் பலமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டாவது டாக்டர் சொன்னதே எனக்கும் சரியென்று படுகிறது. அவர் கழுத்தோடு நிறுத்தவில்லை. ஸ்கேன் கருவியின் புரோபைத் தொண்டைக்குழியில் வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸையும் படம் பிடித்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே கறுப்பு, அதே வெள்ளைப் புள்ளிகளும் குட்டிக் கோடுகளும்.

தைமஸ் கருவில் ஆறாவது வாரம் வாக்கில் கழுத்துப் பக்கம் உருவாகி, பிறகு நெஞ்சுக்குள் இறங்கும் சுரப்பி. இறங்கும் வழியில் சிறு துணுக்கு பின்தங்குவதுண்டு. தாடைக்குக் கீழே தொடங்கி நெஞ்சு வரை எங்கும் அது நிற்கலாம், தைராய்டுக்குள்ளும் மாட்டிக்கொள்ளலாம். சிக்கலே அங்கேதான். தைராய்டில் வெள்ளைப் புள்ளி என்றதும் கேன்சரில் வரும் சுண்ணாம்புப் பொடி போன்ற படிவு நினைவுக்கு வருவது ஸ்கேன் பார்க்கும் எங்களுக்கு இயல்பு. பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு பெண் குழந்தைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஊசியில் வந்தவை லிம்போசைட் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள். தைமஸில் நிறைந்திருப்பவை அவைதான். அந்தக் குழந்தை அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து தொண்டைக்குழியைப் பார்க்காமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

உங்கள் மகன் படத்தில் வேறு நல்ல அடையாளங்களும் உண்டு. ஓரம் தெளிவாக, முக்கோணம் போல இருக்கிறது; உருண்டு திரண்டு நிற்கவில்லை. பக்கத்து ரத்தக்குழாயை நெருக்கவில்லை. தைமஸ் மிருதுவானது, கிடைத்த இடத்தில் படிந்து கிடக்கும்.

எடுத்துப் போடச் சொல்லும் உங்கள் மாமியாரின் பயம் புரிகிறது. ஆனால் தைமஸ் சின்ன வயதில் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பழக்கும் உறுப்பு. லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை நீக்கிப் பார்த்து 1961இல் இதைக் கண்டுசொன்னார். நெஞ்சில் தைமஸ் இல்லாமல் கழுத்தில் மட்டுமே இருக்கும் குழந்தைக்கு அதை வெட்டினால், உள்ளதெல்லாம் போய்விடும். உங்கள் மகனுக்கு நெஞ்சிலும் இருக்கிறது. இருந்தும் தொந்தரவு தராத ஒன்றுக்காகத் தைராய்டில் கத்தி வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கக் காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில், தைமஸ் பெரிதாக இருந்தால் மூச்சு முட்டிக் குழந்தை இறந்துவிடும் என்று நம்பி, நன்றாக இருந்த குழந்தைகளுக்குக்கூட அதைச் சுருக்க எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். நெடுநாள் நோயில் கிடந்து இறந்த குழந்தைகளின் சுருங்கிப்போன தைமஸைத்தான் சரியான அளவென்று எண்ணியிருந்தார்கள். கதிர் பட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு கேன்சர் வந்தது.

அல்ட்ராசவுண்டில் கதிர் கிடையாது, வெறும் ஒலி அலைதான். ஆகவே ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பருவ வயதுக்குப் பிறகு தைமஸ் தானாகச் சுருங்கும்; இந்தத் துணுக்கும் பெரும்பாலும் அதேபோலச் சுருங்கிவிடும். கட்டி கெட்டியானாலோ, வேகமாக வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள். அப்போது ஊசி தேவைப்படலாம், மறுக்க வேண்டாம்.

போகும்போது ரிப்போர்ட்டோடு இந்தப் படங்களையும் கொண்டுபோங்கள். ஜெல்லைக் கொஞ்சம் சூடு பண்ணித் தரச் சொல்லுங்கள். சில்லென்று பட்டால் பையன் கழுத்தைச் சுருக்கிக்கொள்வான். தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, நீங்கள் தலைமாட்டில் நின்றால் போதும்.