70 டன் கப்பலுக்கு இத்தனை நிபந்தனையா?

கேள்வி: சுதந்திரம் வாங்கிய பிறகு அமெரிக்கா மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் விட முடியாமல் தவித்ததாமே? (வாசகி, காரைக்குடி)

பதில்: உண்மைதான். 1783-லேயே பிரிட்டன் தன் தீவுத் துறைமுகங்களை அவர்கள் கப்பல்களுக்கு அடைத்துவிட்டது. 1794-ல் அமெரிக்கத் தூதர் ஜான் ஜே லண்டன் போய்ப் பேசி, ஓர் ஒப்பந்தமாக வாங்கி வந்த சலுகை என்ன தெரியுமா? 70 டன்னுக்கு மேற்படாத கப்பல் போகலாம், ஆனால் சர்க்கரை, வெல்லப்பாகு, காப்பி, கோகோ, பருத்தி எதையும் அமெரிக்கக் கப்பல்கள் தம் நாட்டைத் தவிர வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது. பருத்தி அவர்கள் வயலிலேயே விளைந்துகொண்டிருந்த நேரம் அது! ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை இருந்த 12-ஆம் பிரிவை விலக்கிவிட்டுத்தான் அமெரிக்க செனட் மற்றதை 20-க்கு 10 என்று ஏற்றது, சரியாகத்தான் செய்தார்கள். ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பதால், ஒரு ஓட்டு மாறியிருந்தால் மொத்தமும் போயிருக்கும். அப்புறம் திறப்பதும் மூடுவதுமாக இழுத்து, 1830-ல் அதிபர் ஜாக்சன் காலத்தில்தான் இரு தரப்பும் துறைமுகங்களைத் திறந்துவிட்டன.