எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை

கேள்வி: என்-3 நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லாரி எங்கள் காரை இடித்துப் பத்து நாள் ஆகிறது. அப்பாவுக்கு 67 வயது. இடுப்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படுக்கையிலிருந்து எழுந்தால் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: வேண்டாம் அம்மா. எக்ஸ்ரேக்குத் தப்பும் முறிவுகள் உண்டு. விபத்தில் அதிகம் உடைவது மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடம். மேலே விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கும், கீழ்ப்பகுதி வளையும். அதிர்ச்சி முழுதும் நடுவில் இறங்கும். இடுப்பு எக்ஸ்ரேயில் அந்த இடம் மேல் ஓரத்தில்தான் விழும்.

சி.டி. ஸ்கேன் கேளுங்கள். எலும்பின் முன்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் பெரும்பாலும் மருந்தும் நடையுமே போதும். பின்சுவர் உடைந்து சில்லு தண்டுவடப் பாதைக்குள் தள்ளியிருந்தால் கதை வேறு. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். தசைநார் கிழிந்திருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஓரிடத்தில் முறிவு தெரிந்தால் கழுத்திலிருந்து கீழ்வரை முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறிவு வேறிடத்தில் ஒளிந்திருப்பது அபூர்வமில்லை. வயிற்றில் சீட் பெல்ட் கன்றிய தடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், குடலையும் சோதிக்க வேண்டும்.

சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் கசிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, கால் துவண்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். காரில் உட்காரவைத்துக் கொண்டுபோகாமல் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள், கைப்பேசியில் 112.

அதுவரை எழுவதற்கு ஒரு வழி: தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக ஒருபக்கம் புரள வேண்டும், கால்களைக் கீழே தொங்கவிட்டுக் கையூன்றி எழ வேண்டும். நேராக நிமிர்ந்து எழுவதுதான் கெடுக்கும்.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அரசின் சாலை விபத்து நிதியில் (RAF) இழப்பீடு கோர 3 ஆண்டு அவகாசம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 2 ஆண்டுதான்.

கேள்வி: முதுகெலும்பு முறிவுக்கு 12 வாரம் பிரேஸ் (முதுகை அசையாமல் பிடிக்கும் கவசம்) போடச் சொன்னார்கள். அரிக்கிறது. ராத்திரி கழற்றலாமா?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: படுத்திருக்கும்போது கழற்றப் பல மருத்துவர்கள் அனுமதிப்பார்கள், உங்களவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் திரும்ப மாட்டுவது படுத்தபடியேதான். உட்கார்ந்து மாட்டினால் அந்த ஒரு நிமிடம் முறிந்த எலும்பு பாரம் சுமக்கும். உள்ளே தையல் உறுத்தாத பருத்திப் பனியன் போடுங்கள், வியர்த்தால் மாற்றுங்கள். பிரேஸுடன் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்களா? படுத்து எடுத்ததில் சரியாகத் தெரியும் எலும்பு, நின்றால் கூன் விழலாம். அந்தக் கோணம் கூடிக்கொண்டே போனால் திருகாணியும் கம்பியும் வைத்து அறுவை செய்ய நேரலாம்.