மோதி ஒட்டிக்கிற துகள்களுக்கு மாடல் போடும்போது ஆற்றல் அழிவின்மையையும் சேர்க்கோணுமா?

சேர்க்காதீங்க. நிறையும் உந்தமும் (நிறையை வேகத்தால பெருக்குனது) மாறாம இருந்தாப் போதும்ங்க. காலேஜ் ப்ராஜெக்டா இருக்கும்னு நினைக்கிறேன், கைடு "ஆற்றல் எங்க போச்சு"ன்னு கேட்டிருப்பாரு. எனக்கு அதுலதான் மார்க் போச்சு.

2012, பி.எஸ்சி கடைசி வருசம். சோமனூர் பக்கம் எங்க ஊரு, வீட்டோட தறி. ஒரே கோட்டுல 50 துகள், முட்டுனா ஒட்டிக்கும், இதுக்கு புரோகிராம் எழுதோணும். பின்னாடி வர்றது முன்னாடி போறதை விட வேகமா இருந்தா இடைவெளியை வேக வித்தியாசத்தால வகுத்தா எப்ப முட்டும்னு கிடைச்சிரும், அதுல எது சின்ன நேரமோ அதுவரைக்கும் எல்லாத்தையும் நகர்த்தி அந்த ரெண்டையும் ஒண்ணாக்கி திரும்ப முதல்ல இருந்து கணக்கு போடோணும், 50 துகளுக்கு 49 மோதலுக்கு மேல வராது. அந்த வருச கரண்ட் கட்டைப் பத்தி எங்க பக்கத்து ஆளுக யாரை வேணா கேட்டுப் பாருங்க, யுபிஎஸ் இல்லாம எழுதுன கோடு எத்தனை தடவ போச்சுன்னு கணக்கே இல்ல, தறி நின்னா எங்கய்யனுக்கு கூலியும் இல்ல, அதைக் கேக்க ஒரு நாதியில்ல. அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுதுங்க.

எல்லாம் முடிச்சு கொண்டு போனா கைடு ஆற்றல் அழிவின்மை எங்கேன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு. 2 கிலோ ஒண்ணு நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல போயி நிக்கிற 1 கிலோவுல ஒட்டுதுன்னு வைங்க. உந்தம் 6, சேர்ந்த நிறை 3, அப்ப வேகம் 2. இயக்க ஆற்றல் 9 ஜூல் இருந்தது 6 ஆயிருது. அந்த 9-ஐ விடக்கூடாதுன்னு வேகத்தை 2.45-ன்னு வச்சா உந்தம் 7.35 ஆகுது, வெளிய இருந்து யாருமே தள்ளலையே, கூட வந்தது எங்கிருந்து வந்துச்சு?

அன்னிக்கு ராத்திரி தறிக்குடோன்ல பாவு நூல்ல ஒரே எடையில ரெண்டு களிமண் உருண்டை கட்டித் தொங்கவிட்டேன். ஒண்ணை 20 செமீ உசரத்துக்கு இழுத்து விட்டா சப்புனு அப்பிக்கிச்சு. எங்கய்யன் டார்ச்சும் ஸ்கேலும் புடிச்சாரு. ஆற்றல் அப்படியே இருந்தா 10 செமீ ஏறோணும், உந்தக் கணக்குப்படி 5. ஏறுனது நாலே முக்கால். முட்டுன பக்கம் ரெண்டு உருண்டையும் தட்டையா நசுங்கிக் கிடந்துச்சு, போன ஆற்றல் அந்த நசுக்கத்துலயும் சூட்டுலயும்தான் போச்சு.

மொத்த ஆற்றல் அழியாதுன்னு எனக்கும் தெரியும்ங்க, அதுக்குன்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. நான் சொல்றது இயக்க ஆற்றலை மட்டும். இதையெல்லாம் கைடுகிட்டயும் சொன்னேன், காதுல வாங்கல.

நீங்க ஒவ்வொரு மோதலுக்கு அப்புறமும் மொத்த உந்தத்தையும் இயக்க ஆற்றலையும் பிரிண்ட் பண்ணுங்க. உந்தம் அசையக்கூடாது, ஆற்றல் ஒவ்வொரு தடவையும் இறங்கோணும். கடைசியில மிஞ்சுற கட்டிக எல்லாம் இடமிருந்து வலமா வேகம் (இடப்பக்கம் போறதுக்கு மைனஸ் போட்டுக்கோங்க) குறையாம கூடிக்கிட்டே போகும், இல்லைன்னா எங்கயோ ஒரு மோதலை விட்டுட்டீங்க. கைடு கேட்டா அந்த ரெண்டு உருண்டையைக் கட்டிக் காட்டுங்க.