வெக்டரில் திசை எங்கே?

வணக்கம் அண்ணா,

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தேன். பருமனும் திசையும் உள்ளது காவி, அதாவது வெக்டர், என்று சொல்லித் தந்தார்கள். இப்போது சி பிளஸ் பிளஸ் நிரல் மொழி பழகுகிறேன். அங்கே வெக்டர் என்றால் வெறும் பட்டியல், ஆட்களின் பெயர்களைக்கூடப் போட்டு வைக்கலாம். இரண்டு வெக்டர்களைக் கூட்டினால், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பிழை காட்டுகிறது. இரண்டும் ஒன்றா? திசை எங்கே போனது?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்பின் தங்கைக்கு,

இரண்டும் வேறு. கம்பைலர் காட்டிய பிழையிலேயே பாதி விடை இருக்கிறது.

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகை எடுங்கள். படகின் வேகத்தோடு நீரோட்டத்தின் வேகத்தைக் கூட்டினால் இன்னொரு வேகம் கிடைக்கிறது. அதை இரண்டால் பெருக்கினாலும் வேகம்தான். இப்படிக் கூட்டவும் எண்ணால் பெருக்கவும் முடிந்து, அதற்குரிய விதிகளுக்கும் அடங்கினால் அது காவி. 1888இல் இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ தந்த வரையறையின் சாரம் இதுதான். x² + 3x போன்ற பல்லுறுப்பிக்குத் திசை ஏது? ஆனாலும் அது காவி. அம்புக்குறி வரைந்து பாடத்தைத் தொடங்குவது நல்லதுதான், அதோடு நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

சரி, நிரலுக்கு வருவோம். (3, 4) என்று காவியை எண் வரிசையாக எழுதுகிறோம் அல்லவா? அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டலையும் பெருக்கலையும் விட்டுவிட்டார்கள். லிஸ்ப் குடும்ப நிரல் மொழிகளில் இருந்த பெயரை சி பிளஸ் பிளஸுக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். கணிதத்தின் பழைய பொருளோடு இது பொருந்தவில்லை, அரே என்றே வைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே எழுதினார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

வெக்டரின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் புஷ்_பேக் கட்டளையைப் பாருங்கள். (3, 4)இன் கடைசியில் 5ஐச் சேர்த்தால் நிரலில் அதே வெக்டர் நீளுகிறது. கணிதத்திலோ (3, 4) தளத்தில் இருப்பது, (3, 4, 5) முப்பரிமாண வெளியில் இருப்பது. இரண்டையும் கூட்டவே முடியாது. தேவைக்கு நீளும் என்பதற்காகத்தான் எல்லோரும் வெக்டரைப் பயன்படுத்துகிறோம். காவிக்கு இல்லாத குணமும் அதுவே.

அப்புறம், இயந்திரக் கற்றல் பக்கம் போனால் காவி திரும்ப வந்துவிடும். 2013இல் வந்த வேர்ட்டுவெக் என்ற முறை ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்களாக்கியது. அவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம், இடைக்கோணத்தை வைத்துச் சொற்களின் பொருள் நெருக்கத்தை அளக்கலாம். அந்த எண்களை சி பிளஸ் பிளஸ் வெக்டரிலேயே வைக்கலாம். ஆனால் கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும். உயர்தரத்தில் செய்த அதே எண்ணிப் பெருக்கம்தான்: ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டி, இரண்டு பருமன்களாலும் வகுத்தால் கோசைன் வந்துவிடும். பெருக்கிக் கூட்டும் பகுதிக்கு இன்னர்_புரொடக்ட் என்று மொழியோடு வரும் நிரல் நூலகத்திலேயே இருக்கிறது, அதில் தொடங்குங்கள்.