லாவா கல்லுக்குள்ள வெள்ளைக் கட்டி, ஆசிட் விட்டும் பொங்கல... அப்ப அது சுண்ணாம்புக்கல் இல்லையா?

கேள்வி: ஜியாலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஜாவால மெராபி எரிமலைப் பக்கம் போன சொந்தக்காரர் ஒரு கருப்பு லாவா கல் கொண்டுவந்தார், உள்ள எலுமிச்சை சைஸுக்கு ஒரு வெள்ளைக் கட்டி. சுண்ணாம்புக்கல்னு நினைச்சு ஆசிட் விட்டேன், நுரையே வரல. எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: நுரை வரலன்னு சுண்ணாம்புக்கல்ல லிஸ்ட்லேருந்து அடிச்சிடாதீங்க. ஆசிட் விட்டா பொங்குறது கல்லுக்குள்ள கட்டுண்டு கிடக்குற கார்பன் டை ஆக்சைடு, சுத்தமான கால்சைட் (சுண்ணாம்புக்கல்லோட முக்கியக் கனிமம்) 100 கிராம்ல அது 44 கிராம், அதை மாக்மா (பூமிக்கடியில உருகிக் கிடக்குற கல்குழம்பு) ஏற்கனவே கறந்து விட்டிருந்தா உங்க ஆசிட்டுக்கு என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க!

மெராபிக்கு அடியில சுண்ணாம்புக்கல்லும் களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்கா கிடக்கு, தெக்க குனுங் கிடுல் பக்கம் போனா சுண்ணாம்புக் குன்னு வெளியிலயே தெரியும். மேல ஏறுற மாக்மா இதுல துண்டு துண்டா பேத்து முழுங்கிடும். காளவாசல்ல வெறும் சூடு மட்டும்தான், அதனால சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், ஆனா மாக்மால சிலிக்கா ஏராளமா இருக்கா, வாயு கழண்ட கையோட கால்சியம் சிலிக்காவோட சேர்ந்து வொலாஸ்டோனைட்ங்கிற வெள்ளைக் கனிமம் ஆயிடும். இரும்பு, மெக்னீசியம் கிடைக்கிற ஓரத்துல பச்சையா டயாப்சைட்ங்கிற கனிமம், அலுமினியம் இருந்தா கார்னெட்டும் வரும். இந்த மாதிரி கல்லைத்தான் ஸ்கார்ன்னு சொல்றோம். இதெல்லாம் லட்சம் வருஷம் எடுக்கும்னு நினைக்காதீங்க, மெராபி லாவாவையும் சுண்ணாம்புக்கல்லையும் 1200 டிகிரில நல்ல அழுத்தத்துல சேர்த்து வச்சு 2010ல வெளியிட்ட சோதனைல, அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே வாயுக் குமிழி வந்து மாக்மாவோட கலவையும் மாற ஆரம்பிச்சிடுச்சு.

சரி, உங்க கல்லுக்கு வருவோம். முதல்ல லென்ஸ் வச்சு கட்டியோட ஓரத்தைப் பாருங்க, நடுவை இல்ல. வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவுல பச்சைப் பட்டை ஓடினா பாதி விஷயம் முடிஞ்சது. அப்புறம் இரும்புக் கத்தியால கீறுங்க: கால்சைட் ஈஸியா கீறும் (மோஸ் அளவுல கடினம் 3), வொலாஸ்டோனைட் கொஞ்சம் அழுத்தினா கீறும் (4.5 முதல் 5), ஃபெல்ட்ஸ்பார் (எரிமலைக் கல்லுல சாதாரணமா இருக்குற கனிமம்) கிட்டத்தட்ட கீறாது, குவார்ட்ஸ்ல கத்தி சும்மா வழுக்கும். வொலாஸ்டோனைட் நார் நாரா, சிம்பு சிம்பா உடையும், அதனால கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு உடைங்க. மெராபில ஃபெல்ட்ஸ்பார் நிறைஞ்ச எரிமலைக் கட்டியும் வெள்ளையா கிடைக்கும், அதனால இந்தக் கீறல் டெஸ்டை விட்டுடாதீங்க.

ஆசிட்டும் இன்னொரு தடவை விடலாம், ஆனா கொஞ்சம் பொடி பண்ணி. டோலமைட்டா (மெக்னீசியமும் கலந்த, சுண்ணாம்புக்கல் மாதிரி கல்) இருந்தா கட்டியா பொங்காது, பொடிச்சா பொங்கும். வெடிப்புல மட்டும் லேசா நுரை வந்தா ஏமாறாதீங்க, அது பின்னாடி தண்ணி இறங்கி படிஞ்ச கால்சைட்டா இருக்கலாம். நடுவுல பொங்கி ஓரத்துல பொங்கலன்னா அதான் ஜாக்பாட், பாதி வெந்து நின்ன துண்டு!

இன்னொன்னு, ப்ராஜெக்ட்ல “சுண்ணாம்புக்கல்லாலதான் மெராபி வெடிக்குது”ன்னு எழுதிடாதீங்க. இந்த வாயு அழுத்தத்தை ஏத்திவிடலாம், ஆனா மாக்மால கரைஞ்சிருக்குற தண்ணிதான் அங்க பெரிய ஆள்.

உறுதியா வேணும்னா, கல்லை ஒளி ஊடுருவுற அளவு மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்ல பார்க்குற தின் செக்‌ஷன் போடச் சொல்லுங்க, வெட்டுறவர்கிட்ட வெள்ளையும் கருப்பும் சேர்ற கோடு ஸ்லைடுல கட்டாயம் வரணும்னு பென்சில்ல கோடு போட்டே குடுங்க, இல்லன்னா நடு வெள்ளையை மட்டும் வெட்டிக் குடுத்துடுவாங்க.