சந்தா மென்பொருள் பங்குகள்: வளர்ச்சியை மட்டும் நம்பி வாங்கலாமா?

சார், ஃப்ரெஷ்வொர்க்ஸ் விற்பனை வருஷா வருஷம் ஏறியும் பங்கு எழவில்லையே, ஏன்?

வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் நிறுவனம் அது. சென்னையில் 2010-இல் தொடங்கி, 2021 செப்டம்பரில் 36 டாலருக்கு அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. அந்த ஆண்டு விற்பனை 37 கோடி டாலர். 2024-இல் 72 கோடி. கிட்டத்தட்ட இரட்டிப்பு! ஆனாலும் 2024 முடிவில் பங்கு விலை ஐபிஓ (முதல் பங்கு வெளியீடு) விலையில் பாதிகூட இல்லை. முதல் நாளே சந்தை அதற்குப் போட்ட மதிப்பு சுமார் 1,300 கோடி டாலர், அதாவது ஆண்டு விற்பனையைப் போல 35 மடங்கு. பல வருஷ வளர்ச்சிக்கு அன்றைக்கே காசு கொடுத்தாகிவிட்டது. 2022-இல் அமெரிக்காவில் வட்டி ஏறியது. வட்டி ஏறினால், நாளை வரப்போகும் லாபத்துக்கு இன்று கொடுக்கும் விலை குறையும். வளர்ச்சியும் அந்த ஆண்டின் 34 சதவீதத்திலிருந்து 2024-இல் 21-க்கு இறங்கியது. நிறுவனம் கெட்டுப்போகவில்லை, கொடுத்த விலைதான் அதிகம்.

வளர்ச்சி நிலைக்குமா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

வாடிக்கையாளர் விலகும் வேகம், அதாவது சர்ன். இதைத்தான் நான் முதலில் தேடுவேன். மாதம் 3 சதவீதம் பேர் விலகினால் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நூறு பேரில் வருஷக் கடைசியில் மிஞ்சுவது 69 பேர்தான். மாதம் 1 சதவீதம் என்றால் 89 பேர். மாதம் 3 சதவீதம் பேரை இழக்கும் நிறுவனம் இருந்த இடத்தில் நிற்கவே 31 பேரைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். விளம்பரச் செலவு, விற்பனை ஆட்களின் சம்பளம் எல்லாம் அதிலேயே கரையும்.

அடுத்து நெட் ரிடென்ஷன். போன வருஷம் 100 ரூபாய் கட்டிய அதே வாடிக்கையாளர் கூட்டம், விலகியவர்கள் போக, இந்த வருஷம் 115 கட்டினால் அருமை. 100-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. சிறு நிறுவனங்களுக்கு விற்பவர்களிடம் விலகல் பொதுவாகவே கூடுதல். பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர்களோடு அவர்களை ஒப்பிடாதீர்கள்.

வீடியோ மீட்டிங் நிறுவனமான ஜூம் விஷயத்தில் என்ன நடந்தது?

2021 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை 326 சதவீதம் ஏறியது. அது பெருந்தொற்று கொடுத்த வளர்ச்சி. 2020 அக்டோபரில் 550 டாலரைத் தாண்டிய பங்கு, 2022 முடிவில் 70-க்குக் கீழே. இத்தனைக்கும் லாபம் பார்க்கும் நிறுவனம் அது.

அண்ணா, நஷ்டக் கணக்கு காட்டும் நிறுவனத்தில் கேஷ் ஃப்ளோ (கைக்கு வந்து போகும் ரொக்கம்) மட்டும் பாசிட்டிவாக இருக்கிறதே, நம்பலாமா?

பணம் வருவது நிஜம்தான். வருஷச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளம் கேஷ் ஃப்ளோவில் செலவாகத் தெரியாது. புதுப் பங்குகள் சேரச் சேர நிறுவனத்தில் நம் பங்கின் அளவு சுருங்குவதால், அந்தச் செலவைச் சுமப்பது பங்குதாரர்களான நாம்தான். ஃப்ரீ கேஷ் ஃப்ளோவிலிருந்து, அதாவது தொழில் தரும் ரொக்கத்தில் முதலீட்டுச் செலவு போக மிஞ்சுவதிலிருந்து, அந்தத் தொகையைக் கழித்துப் பாருங்கள். ஐந்து வருஷ ஆண்டறிக்கைகளை எடுத்து, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்றும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.