எப்போது முடியும் என்று தெரியாததுதான் அதிகம் கெடுத்தது

"2021-இல் கொரோனாவுக்காக வீட்டோடு தனிமைப்படுத்தினார்கள். அம்மா இன்னும் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரைக் கீழே வைப்பதில்லை, பையன் தனியே படுக்க மாட்டேன் என்கிறான். இதெல்லாம் அதனால் வந்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆம். தனிமைப்படுத்தலே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். தொற்றைத் தடுக்க அது வேண்டியிருந்தது. நடத்திய விதம்தான் பிரச்சினை.

2003-இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது கனடாவின் டொரண்டோவில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரை ஆய்வு செய்தார்கள். 31.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், 28.9 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநெருக்கடியின் அறிகுறிகள். 10 நாளுக்கு மேல் அடைபட்டவர்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதல்.

நம் வீடுகளில் 10 நாளில் எங்கே முடிந்தது? இரண்டாம் அலையில் நோயாளிக்கு 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் கூடாது. உடனிருந்தவருக்கு 14 நாள். ஒரே கழிவறை உள்ள வீட்டில் அப்பாவின் 9-ஆம் நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்களின் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஐந்து பேர் உள்ள வீடு ஒரு மாதம் அடைபட்டது இப்படித்தான். இன்னொரு முறை வந்தால் ஆளுக்கொரு தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். யாராவது புதிதாகப் படுத்தால் அன்றைக்கே, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, தேதியை மாற்றுங்கள்.

இனி அம்மா. விரல் சில்லென்று இருந்தாலோ, அடர்நிற நகப்பூச்சு இருந்தாலோ கருவி குறைத்துக் காட்டும். 91 என்று பார்த்ததும் பயத்தில் மூச்சு வேகமாகும். விரல் நுனி மரக்கும், நெஞ்சு அடைக்கும். உடனே மறுபடி மாட்டுவார். சரியாகப் பார்ப்பதென்றால் 5 நிமிடம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, மாட்டியபின் எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். அப்படியும் 94-க்குக் கீழேயே நின்றால் மருத்துவரிடம் போங்கள். கருவியைப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள், பயம் கூடும். முதல் வாரம் காலையும் இரவும் மட்டும், அடுத்த வாரம் காலையில் மட்டும், பிறகு அலமாரியில். "எவ்வளவு காட்டுது?" என்று நீங்களாகக் கேட்கவே கேட்காதீர்கள்.

பையனுக்கு உங்கள் கட்டிலை ஒட்டிப் பாய் போடுங்கள். மூன்று நான்கு இரவுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அறை வாசல் பக்கம் தள்ளிப் போடுங்கள். நடுராத்திரி எழுந்து வந்தால் திட்டாமல் அதே இடத்தில் கொண்டுபோய்ப் படுக்கவையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆற்றாமைதான். தனிமைப்படுத்திய வீடு என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டியது. தகுந்த அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உத்தரவிடாமல் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குள் எத்தனையோ தெருக்களில் பால்காரர் முதல் பக்கத்து வீட்டார்வரை ஒதுங்கிப் போயிருந்தார்கள். குணமான பிறகும் வெளியே தலைகாட்டக் கூசியவர்களுக்கு அந்த ஒதுக்கல்தான் நோயைவிடப் பெரிய காயம்.

அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.